கவனிக்காதபோதும் பேச்சொலியைப் பிரித்தறியும் மூளை: எம்எம்என் சோதனையை வடிவமைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பேச்சைக் கேட்கும்போது ஒவ்வொரு ஒலியையும் நிறுத்தி, இது லகரமா ளகரமா என்று யாரும் யோசிப்பதில்லை. அது தானாக நடந்துவிடுகிறது. எவ்வளவு தூரம் தானாக நடக்கிறது என்று கண்டுபிடிப்பதில்தான் சிக்கல். புத்தகத்தில் மூழ்கியிருக்கும் ஒருவரிடம் "இப்போது என்ன ஒலி கேட்டது?" என்று கேட்டால், அடுத்த கணமே அவர் காதைத் தீட்டிக்கொள்வார். நீங்கள் அளக்க வந்த நிலைமையே கலைந்துபோகும். ஆகவே, ஆளிடம் பதில் கேட்காமல் அளக்க ஒரு வழி வேண்டும்.

அந்த வழி 1978-இல் கிடைத்தது. பின்லாந்தைச் சேர்ந்த உளவியலாளர் ரிஸ்டோ நாட்டானெனும் அவருடைய சகாக்களும், ஒரே ஒலி திரும்பத் திரும்ப வரும் வரிசையில் எப்போதாவது வேறோர் ஒலி வந்தால், கேட்பவர் அதைக் கவனிக்காவிட்டாலும் மூளை அலையில் ஒரு சிறு எதிர்மின் இறக்கம் தெரிவதைக் காட்டினார்கள். அதன் பெயர் மிஸ்மேட்ச் நெகட்டிவிட்டி, சுருக்கமாக எம்எம்என். மாற்றம் தொடங்கி ஏறக்குறைய 100 முதல் 250 மில்லி விநாடிக்குள் அது வந்து போகும். அளவு சில மைக்ரோவோல்ட்தான்.

மொழியியலோ உளவியலோ படித்துவிட்டு, இ.இ.ஜி., அதாவது தலையில் மின்முனைகள் வைத்து மூளை அலையைப் பதிவு செய்யும் வசதியுள்ள ஓர் ஆய்வகத்தில் முதன்முதலாக இப்படி ஒரு சோதனை செய்யப் போகிறவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். சோதனை செய்யாமல், இந்தத் துறையின் ஆய்வுகளைச் சரியாகப் படிக்க விரும்புகிறவர்களுக்கும் இதே படிகள்தான் உதவும்.

தொடங்கும் முன்: காதிலிருந்து புறணி வரை

ஒலி காதின் நத்தை எலும்பில் மின் சைகையாக மாறுகிறது. மூளைத் தண்டில் சில நிலையங்களைக் கடந்து, தலாமஸ் வழியாகப் பொட்டு மடலில் உள்ள கேள்விப் புறணிக்கு, அதாவது கேட்டலுக்கான மூளை மேலடுக்குக்குப் போகிறது. 100 மில்லி விநாடி அளவில் என்1 என்ற அலை எழும். ஏதோ ஒலி வந்தது என்பதற்கு அதுவே அடையாளம். பேச்சொலியின் குணங்களைப் பிரிப்பது இதற்கு அடுத்த கட்டமாக, மேல் பொட்டு மடிப்பில் நடக்கிறது. சான் பிரான்சிஸ்கோவில் எட்வர்ட் சாங்கின் குழு, வலிப்பு நோய்ச் சிகிச்சைக்காக மூளையின் மேற்பரப்பில் மின்முனைகள் வைக்கப்பட்டிருந்தவர்களிடம் இதை நேரடியாகப் பார்த்து 2014-இல் வெளியிட்டது. சில இடங்கள் வெடிப்பொலிகளுக்கும், சில இடங்கள் உரசொலிகளுக்கும், வேறு சில மூக்கொலிகளுக்கும் கூடுதலாகத் துடித்தன. அதாவது, வல்லினம் மெல்லினம் என்று நாம் பள்ளியில் பிரித்ததைப் போன்ற ஒரு பிரிவினை அங்கே இருக்கிறது.

படி 1: இரண்டு வித்தியாசங்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்

எல்லாப் படிகளிலும் இதுவே முக்கியம். பலர் சறுக்குவதும் இங்கேதான்.

இரண்டு பேச்சொலிகளுக்கு இடையே இரு வகை வித்தியாசம் இருக்கிறது. ஒன்று, வெறும் ஒலி வித்தியாசம்: அலைவெண், நீளம், உரப்பு. மற்றொன்று, ஒலியன் வித்தியாசம்: கேட்பவரின் மொழி அவற்றை இரண்டாக எண்ணுகிறதா, ஒன்றாக எண்ணுகிறதா என்பது. எம்எம்என் இரண்டுக்கும் வரும். பியானோவில் ஒரு கட்டை தள்ளி அழுத்தினாலும் வரும். ஆகவே 'ப'வுக்கு நடுவே 'த' போட்டு, அலை வந்ததும் "மூளை ஒலியனை அறிந்துகொண்டது" என்று எழுதினால், அது எதையும் நிரூபிக்கவில்லை. ஒலி மாறியது, அலை வந்தது, அவ்வளவுதான்.

இதை எப்படிப் பிரிப்பது என்பதற்கு 1997-இல் நாட்டானெனின் குழு 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு இன்றும் பாடம். பின்னிஷ், எஸ்டோனியன் இரண்டும் உறவு மொழிகள். இரு நாடுகளுக்கும் இடையே ஒரு வளைகுடாதான். உயிரொலிகளும் ஏறக்குறைய ஒன்றே, ஒன்றைத் தவிர. உதட்டைக் குவிக்காமல் 'ஒ' சொல்லிப் பாருங்கள். அதுதான் அந்த உயிர். எஸ்டோனியனில் அது தனி ஒலியன், பின்னிஷில் கிடையாது. உதட்டைக் குவித்துக்கொண்டு 'எ' சொன்னால் வரும் இன்னோர் உயிர் இரு மொழியிலும் உண்டு.

குழுவினர் 'எ'வைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டு, இடையிடையே குவிந்த 'எ', குவியாத 'ஒ', சாதாரண 'ஒ' ஆகியவற்றைப் போட்டார்கள். இவை இரண்டாம் ஃபார்மன்ட்டில், அதாவது வாயின் ஒத்திசைவு அலைவெண் ஒன்றில் மட்டும் வேறுபட்டன. குவிந்த 'எ' முதல் ஒலிக்கு அருகில், குவியாத 'ஒ' அதைவிடத் தள்ளி, சாதாரண 'ஒ' இன்னும் தள்ளி. வெறும் ஒலி வித்தியாசம்தான் காரணம் என்றால் அலையும் அதே வரிசையில் பெரிதாக வேண்டும். எஸ்டோனியரிடம் குவியாத 'ஒ'வுக்கும் வலுவான அலை வந்தது. பின்லாந்துக்காரர்களிடமோ, ஒலி வித்தியாசம் கூடியிருந்தும், அந்த ஓர் உயிருக்கு மட்டும் அலை சிறுத்துவிட்டது. மூளையின் காந்தப் புலத்தை அளக்கும் பதிவில் இந்தத் தாய்மொழி விளைவு இடது பக்கக் கேள்விப் புறணியைக் காட்டியது.

ஒலி ஒன்றே, கேட்பவர் வேறு. ஒலியியல் சொல்லும் வரிசையை முடிவு மீறுகிறது. அந்த மீறல்தான் சான்று. உங்கள் சோதனையிலும் அப்படி ஒரு மீறல் வர வாய்ப்புள்ள அமைப்பு வேண்டும்.

படி 2: ஒலி இணையைத் தேர்ந்தெடுங்கள்

தமிழ் பேசுவோரிடம் செய்வதாக இருந்தால் ல, ள, ழ உடனே நினைவுக்கு வரும். நல்ல தேர்வுதான், ஆனால் எழுத்தை நம்பி இறங்காதீர்கள். ர, ற இரண்டும் எழுத்தில் வேறு, பெரும்பாலான பேச்சு வழக்குகளில் ஒன்றே. ந, ன வேறுபாடும் அப்படித்தான், காது பிரிப்பதில்லை. ழகரம் இன்னும் சுவாரசியமானது. தென் மாவட்டங்களிலும் யாழ்ப்பாணத்திலும் பேச்சில் அது பெரும்பாலும் ளகரமாகிவிடும். பழைய சென்னைப் பேச்சில் யகரமாகும். ஆகவே "தாய்மொழி தமிழ்" என்று படிவத்தில் எழுதியிருப்பதை வைத்துப் பங்கேற்பாளரைச் சேர்த்தால் குழு கலவையாகிவிடும். ஒவ்வொருவரையும் பேசவிட்டுப் பதிவு செய்து, ழகரத்தைப் பிரித்துச் சொல்கிறாரா, கேட்டுப் பிரிக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கேட்டுப் பார்க்கும் தேர்வை இ.இ.ஜி. பதிவு முடிந்த பிறகு வையுங்கள். முன்பே வைத்தால் காது உஷாராகிவிடும். சேர்க்கும்போது பேச்சுப் பதிவு மட்டும் போதும்.

இதையே சாதகமாகவும் ஆக்கலாம். ழகரம் பிரிப்போர் ஒரு குழு, பிரிக்காதோர் ஒரு குழு. எஸ்டோனியர், பின்லாந்துக்காரர் ஒப்பீட்டைப்போல ஒரே மொழிக்குள் ஒப்பிடும் வாய்ப்பு அது.

த, ட இணைக்கும் ஒரு வரலாறு உண்டு. கனடாவின் வான்கூவரில் ஜேனட் வெர்க்கர் இந்தியில் உள்ள பல்லொலி, நாமடியொலி இணையை இங்கிலீஷ் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்குக் கேட்கவிட்டார். 6 முதல் 8 மாதக் குழந்தைகள் பிரித்தன. 10 முதல் 12 மாதத்தில் பெரும்பாலான குழந்தைகளால் முடியவில்லை. இது 1984-இல் வந்த ஆய்வு, தலையைத் திருப்புவதை வைத்து அளந்தது. படி 1-இல் பார்த்த எஸ்டோனிய உயிரை வைத்து, மூளை அலையிலும் இதே கதை 1998-இல் கிடைத்தது. 6 மாதப் பின்லாந்துக் குழந்தைகளின் அலை ஒலி வித்தியாசத்தின் வரிசையிலேயே நின்றது. 12 மாதத்தில் பின்லாந்துக் குழந்தைகளும் எஸ்டோனியக் குழந்தைகளும் பிரிந்துவிட்டார்கள்.

படி 3: ஒலிகளைத் தயாரியுங்கள்

பிராட் என்ற இலவச மென்பொருள் போதும். இயல்பான குரலைப் பதிவு செய்து, நீளம், உரப்பு, சுருதி மூன்றையும் இரு ஒலிகளிலும் சமமாக்குங்கள். வேறுபட வேண்டியது மட்டும் வேறுபடட்டும். ழகரத்தில் மூன்றாம் ஃபார்மன்ட் கீழே இறங்கும். மாற்ற வேண்டிய இடங்களில் முதன்மையானது அது.

இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, சொற்கள். 'எழ' என்பது தமிழ்ச் சொல், 'எள' அல்ல. இப்படி ஓர் இணையைப் போட்டால், பழகிய சொல்லுக்கு மூளை தரும் கூடுதல் அலையும் கலந்துவிடும். சொற்களுக்கு எம்எம்என் பெரிதாக வருவதைப் புல்வர்முல்லர் குழு 2001-இல் காட்டியிருக்கிறது. 'இழோ', 'இளோ' போல இரண்டுமே பொருளற்றவையாக இருப்பது பாதுகாப்பு.

இரண்டாவது, நேரம். 'இழோ', 'இளோ' இரண்டும் தொடக்கத்தில் ஒன்றே. வித்தியாசம் தலைகாட்டுவது, சொல்லப்போனால், 120 மில்லி விநாடியில் என்று வைத்துக்கொள்வோம். எம்எம்என்-ஐ ஒலி தொடங்கியதிலிருந்து 100–250 மில்லி விநாடியில் தேடினால் கிடைக்காது. 220–370 பக்கம் பார்க்க வேண்டும். உயிர் முடிவதற்கு முன்பே அடுத்த மெய்யின் சாயல் அதில் ஏறிவிடும் என்பதால், பிரியும் புள்ளியை அலை வடிவத்தில் அளந்தே குறித்துக்கொள்ளுங்கள்.

படி 4: வரிசையை அமையுங்கள்

அடிக்கடி வரும் ஒலி 85 விழுக்காடு, அரிதாக வரும் ஒலி 15 விழுக்காடு. தொடக்கத்தில் பத்துப் பதினைந்து முறை அடிக்கடி ஒலி மட்டும். அரிய ஒலி இரண்டு அடுத்தடுத்து வரக்கூடாது. ஒன்றின் தொடக்கத்திலிருந்து அடுத்ததன் தொடக்கத்துக்கு 700 மில்லி விநாடி என்றால், 1000 ஒலிக்கு 700 விநாடி, அதாவது 12 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதில் 150 அரிய ஒலிகள் கிடைக்கும். வீணாகும் பதிவுகளைக் கழித்தாலும் சராசரி எடுக்கப் போதும்.

அப்புறம், இரண்டாவது தொகுதியில் பாத்திரங்களை மாற்றுங்கள். முதலில் 'இழோ' அரிது, பிறகு 'இளோ' அரிது. கணக்கிடும்போது அரிதாக வந்த 'இழோ'வை, அடிக்கடி வந்த 'இழோ'வோடு ஒப்பிடுங்கள். அப்போது இரு பக்கமும் ஒரே ஒலி. 'இழோ'வின் ஒலி இயல்பாலேயே வரும் வித்தியாசம் அடிபட்டுப்போகும். இதற்கு மேல் கடுமை வேண்டுமென்றால் மூன்றாவதாக ஒரு தொகுதி: ஏழெட்டு வெவ்வேறு ஒலிகள் சம விகிதத்தில் கலந்து வரும், அவற்றில் 'இழோ'வும் ஒன்று. அங்கே அது அரிது, ஆனால் மீறப்பட எந்த ஒழுங்கும் இல்லை. நேரமும் பொறுமையும் இருந்தால் இதைச் செய்யுங்கள். விமர்சகர்கள் முதலில் கேட்பது இதைத்தான்.

படி 5: கவனத்தைத் திருப்புங்கள்

வழக்கம், சத்தமில்லாத படம் ஒன்றை வசன வரிகளோடு பார்க்க வைப்பது. "காதில் விழுவதைப் பொருட்படுத்த வேண்டாம், படத்தைப் பாருங்கள், முடிவில் படத்திலிருந்து கேள்வி கேட்போம்" என்று சொல்லுங்கள். சொன்னபடி கேட்கவும் செய்யுங்கள். எழுத்தைப் படிக்கும்போது மனத்துக்குள் உச்சரிப்போம் அல்லவா? அதனால் பேச்சொலிச் சோதனையில் வசனமே இல்லாத பழைய மௌனப் படம் மேல் என்பது என் கருத்து.

ஆனால் இதை "கவனமே இல்லாத நிலை" என்று எழுதிவிடாதீர்கள். கவனம் வேறிடத்தில் இருக்கிறது, அவ்வளவே. வால்டார்ஃப் குழு 1991-இல், ஒரு காதில் மிகக் கடினமான வேலை கொடுத்தபோது மறு காதில் உரப்பு மாற்றத்துக்கான எம்எம்என் வெகுவாகச் சிறுத்ததைக் காட்டியது. தானியங்கி என்ற சொல்லுக்கும் ஓர் எல்லை உண்டு.

தூக்கமும் கணக்கைக் கெடுக்கும். பச்சிளங்குழந்தைகளிடம் தூக்கத்திலேயே இதுபோன்ற அலையைப் பதிவு செய்யலாம், அப்படித்தான் செய்கிறார்கள். பெரியவர்களிடமோ ஆழ்ந்த தூக்கத்தில் அது ஏறக்குறைய மறைந்துவிடும். மதியச் சாப்பாடு முடிந்த கையோடு ஆளை உட்கார வைக்காதீர்கள்.

படி 6: பதிவு

முதலில் நிறுவனத்தின் நெறிமுறைக் குழு அனுமதி, பங்கேற்பாளரின் எழுத்து ஒப்புதல். பிறகு தலை. தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல் வரச் சொல்லுங்கள். தேங்காய் எண்ணெய் இருந்தால் மின்முனை ஒட்டாது, மின்தடை இறங்காது, காலைப் பொழுது அதிலேயே போய்விடும்.

நெற்றிக்கு மேலே உச்சியை நோக்கிய நடுக்கோட்டு மின்முனைகள், காதுக்குப் பின்னால் உள்ள எலும்பு மேட்டில் இரண்டு, கண்ணசைவுக்கு இரண்டு, மூக்கு நுனியில் ஒப்பீட்டு மின்முனை ஒன்று. 32 முனைத் தொப்பி தாராளம். விநாடிக்கு 500 மாதிரிகள் போதும்.

ஒலியைக் கம்பியுள்ள காதொலிப்பானில் மட்டும் கொடுங்கள். புளூடூத் வேண்டவே வேண்டாம். அதில் தாமதம் முறைக்கு முறை மாறும். நாம் தேடுவது நூறு மில்லி விநாடி அகலமுள்ள ஒரு சிறு அலை. முப்பது நாற்பது மில்லி விநாடி முன்னும் பின்னும் ஆடினால் சராசரியில் அது கரைந்துவிடும். கணினி அனுப்பும் குறியீட்டுக்கும் ஒலி காதுக்கு வருவதற்கும் உள்ள இடைவெளியை, ஆள் உட்காரும் முன்பே மைக் வைத்து அளந்துகொள்ளுங்கள்.

படி 7: கணக்கீடு

இங்கே புதிதாகச் சொல்ல அதிகமில்லை. இஇஜிலேப், எம்என்இ-பைத்தான் என்ற மென்பொருள்கள் இரண்டும் இலவசம், பயிற்சிப் பாடங்களும் ஏராளம். 0.1 முதல் 30 ஹெர்ட்ஸ் வரை வடிகட்டி, ஒலிக்கு 100 மில்லி விநாடி முன்னிருந்து 600 பின்வரை துண்டாக்கி, கண் சிமிட்டல் கலந்தவற்றையும் 100 மைக்ரோவோல்ட்டைத் தாண்டுபவற்றையும் நீக்கி, சராசரி எடுத்து, அரிதாக வந்ததன் சராசரியிலிருந்து அடிக்கடி வந்ததன் சராசரியைக் கழிக்க வேண்டும். அரிய ஒலிக்கு அடுத்து வரும் அடிக்கடி ஒலியைச் சராசரியில் சேர்க்காதீர்கள். அதற்கும் மூளை சற்று வேறாகவே பதில் சொல்லும்.

கழித்து வந்த கோட்டில் நெற்றிப் பக்கம் எதிர்மின் இறக்கம், காதுக்குப் பின்னால் அதே நேரத்தில் நேர்மின் ஏற்றம். இந்தத் திருப்பம் இருந்தால் அலை கேள்விப் புறணிப் பக்கமிருந்து வருகிறது என்று நம்பலாம். நெற்றியில் மட்டும் இறக்கம் தெரிந்து, பின்னால் எதுவுமில்லை என்றால் சந்தேகப்படுங்கள்.

அளக்கும் கால இடைவெளியை முன்பே எழுதி வைத்துவிடுங்கள். கோட்டைப் பார்த்த பிறகு, பெரிதாகத் தெரியும் இடத்தில் சாளரம் போடுவது ஏமாற்று வேலை, தெரியாமல் செய்தாலும்.

படி 8: கிடைத்ததற்கு என்ன பொருள்?

எம்எம்என் ஏன் வருகிறது என்பதில் இன்னும் வழக்கு முடியவில்லை. நாட்டானெனின் விளக்கம்: அடிக்கடி வரும் ஒலியின் நினைவுத் தடம் மூளையில் இருக்கிறது, புதியது அதோடு பொருந்தாதபோது அலை எழுகிறது. தாய்மொழி ஒலியன்களுக்கு இதோடு நீண்டகாலத் தடமும் உண்டு, அதனால் அலை பெரிதாகிறது. பேட்ரிக் மேயும் ஹன்னு டீட்டினெனும் 2010-இல் இதை மறுத்தார்கள். திரும்பத் திரும்பக் கேட்ட ஒலிக்கு நரம்பணுக்கள் சலித்துப் போகின்றன, புதிய ஒலிக்குச் சலிக்காத அணுக்கள் பதில் சொல்கின்றன, தனி நினைவு ஒப்பீடு தேவையில்லை என்பது அவர்கள் கட்சி. மூளை அடுத்ததை முன்கூட்டியே கணிக்கிறது, கணிப்புப் பிழைதான் இந்த அலை என்பது மூன்றாவது கட்சி, இன்று பலரும் சாய்ந்திருப்பது. படி 4-இன் மூன்றாவது தொகுதி இந்த வழக்கில் உங்களுக்குச் சாட்சி.

ஒலியன் சான்றுக்கு எனக்கு மிகவும் பிடித்த அமைப்பு, காலின் பிலிப்ஸ் குழு 2000-இல் வெளியிட்டது. இங்கிலீஷில் 'டோர்' என்பதன் முதலொலியும் 'டேபிள்' என்பதன் முதலொலியும், நாக்கு விடுபட்டதற்கும் குரல் தொடங்குவதற்கும் இடையிலான நேரத்தில் வேறுபடுகின்றன. அவர்கள் ஒரே ஒலியைத் திரும்பப் போடவில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் இந்த இடைவெளியைப் பல அளவில் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். ஒலியளவில் எதுவும் 'அடிக்கடி' வரவில்லை. ஒலியன் என்ற வகையாகச் சேர்த்துப் பார்த்தால் மட்டுமே ஒன்று அதிகம், மற்றொன்று அரிது. அப்படியும் கேள்விப் புறணியிலிருந்து அலை வந்தது. பிறகு எல்லா இடைவெளிகளையும் ஒரே அளவு கூட்டினார்கள். ஒலிகளுக்கு இடையே உள்ள தூரம் மாறவில்லை, ஆனால் அடிக்கடி, அரிது என்ற பிரிவு ஒலியன் எல்லையோடு பொருந்தாமல் போனது. அலையும் காணாமல் போனது. பின்லாந்து அமைப்புக்கு இரண்டு மொழிக் குழுக்கள் வேண்டும். இதற்கு ஒரு குழு போதும். செலவும் குறைவு.

பெரியவர்களிடம் இந்தத் தடங்கள் மாறுமா? மாறும். பின்னிஷில் மட்டும் ஒலியனாகப் பிரியும் ஓர் உயிரிணையை ஹங்கேரியர்களிடம் விங்க்லர் குழு சோதித்து 1999-இல் வெளியிட்டது. பின்னிஷ் தெரியாத ஹங்கேரியர்களிடம் அலை இல்லை. பின்லாந்தில் வாழ்ந்து மொழியைச் சரளமாகக் கற்றவர்களிடம் பின்லாந்துக்காரர்களைப் போன்றே அலை இருந்தது. ழகரம் வராத பகுதியில் வளர்ந்து, பின்னால் மேடைப் பேச்சிலோ ஒலிபரப்பிலோ அதைப் பழகியவர்களிடம் என்ன வரும் என்று இதே வழியில் பார்க்கலாம்.

குழுச் சராசரியில் நன்றாகத் தெரியும் இந்த அலை, தனி ஆளிடம் தெரியாமல் போவது சகஜம். அலை இல்லை என்பதால் அவர் காதில் வித்தியாசம் விழவில்லை என்று சொல்ல முடியாது. கோமாவில் இருப்பவர்களிடம் இந்த அலை தென்பட்டால் விழித்தெழும் வாய்ப்பு கூடுதல் என்று கேத்தரின் ஃபிஷர் குழுவின் 1999 ஆய்வு உள்ளிட்டவை சொல்கின்றன. அங்கும் அலை இருப்பதற்குத்தான் எடை, இல்லாததற்கு அவ்வளவு இல்லை. ஆகவே ஒரு குழந்தையின் பதிவை மட்டும் வைத்துக்கொண்டு, இவனுக்கு ல, ள பிரிவதில்லை என்று பெற்றோரிடம் யாராவது சொன்னால், அதற்கு இந்தச் சோதனை ஆதாரமாகாது. செவித்திறன் நிபுணரிடம் அழைத்துப் போய், வழக்கமான கேட்டல் பரிசோதனைகளைச் செய்வதே சரி.